அடக்குமுறைச் சட்டங்களும் தேசிய எதிர்ப்பும்: பிரித்தானிய இந்திய அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

இந்தியத் தேசிய இயக்கத்தின் வரலாற்றை எழுதியோர் பலரும் அடக்குமுறைச் சட்டங்களைத் தனித்தனிச் சம்பவங்களாகவே கூறிச் செல்வர். கடும்போக்குடைய ஒரு வைசிராய் ஒரு சட்டத்தைக் கொண்டுவருவார், மக்கள் கொதித்தெழுவர், தாராள மனங்கொண்ட இன்னொரு வைசிராய் அதனை நீக்குவார். பாடநூல்களில் லிற்றன் பிரபுவும் ரிப்பன் பிரபுவும் பெறும் இடம் இத்தகையதே. இவ்விளக்கம் இரண்டு வினாக்களுக்கு விடை தருவதில்லை. ஒரு குறித்த காலகட்டத்தில் ஒரு குறித்த சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது ஒன்று. அச்சட்டங்களை எதிர்த்துச் சிறைசென்றோரே ஆட்சிப் பொறுப்பை ஏற்றபின் அவற்றை ஏன் கைவிடவில்லை என்பது மற்றொன்று.

இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதே நமது கருத்து. அடக்குமுறைச் சட்டம் ஒவ்வொன்றும், ஆளும் அதிகாரம் அவ்வேளையில் எவரைக் கண்டு அஞ்சியது என்பதற்கான சான்றாவணமாகும். அவ்வச்சத்தின் திசை 1870களிலிருந்து 1930கள் வரை எவ்வாறு மாறிச் சென்றது என்பதை நோக்குமிடத்து, தேசிய எதிர்ப்பு எவ்வெவ் வர்க்கங்களைத் தழுவி விரிந்தது என்பதும், அதன் தலைமை எவ்விடத்தில் தயங்கி நின்றது என்பதும் ஒருங்கே புலனாகும். இலக்கிய மாணவருக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. இச்சட்டங்களின் முதல் இலக்குகள் நாடகமும் பத்திரிகையும் செய்யுளுமாகவே இருந்தன.

1. சட்டமும் மொழியும்

1857ஆம் ஆண்டு எழுச்சியின் பின்னர் கம்பனி ஆட்சி நீங்கி முடியாட்சி நேரடியாக நிலைகொண்டது. 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை நிறைவேறியது. மெக்கோலே தலைமையில் 1837இல் வரையப்பட்ட நகலில் அரசநிந்தனை பற்றிய பிரிவு இருந்தபோதும், 1860இன் கோவையில் அது இடம்பெறவில்லை. வஹாபி இயக்கத்தின் செயற்பாடுகள் அரசினைக் கலங்கச் செய்த சூழலில், 1870இல் 124அ என்னும் பிரிவாக அது சேர்க்கப்பட்டது. எனினும் அடுத்த இருபது ஆண்டுகள் அப்பிரிவு பெரிதும் உறங்கியே கிடந்தது. அக்காலத்தில் அரசின் கவனம் வேறிடத்தில் இருந்தது.

முதலில் அரங்கு. அவுரித் தோட்ட முதலாளிமாரின் கொடுமையைக் காட்டிய தீனபந்து மித்ராவின் 'நீல தர்ப்பணம்' 1860இல் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக 1861இல் ஜேம்ஸ் லோங் பாதிரியார் ஆயிரம் ரூபாய் தண்டமும் ஒரு மாதச் சிறையும் பெற்றார். இத்தண்டனை தோட்டக்காரர் தொடுத்த அவதூறு வழக்கின் விளைவு என்பது மனங்கொள்ளத்தக்கது. மூலதனத்தின் தனிப்பட்ட முறைப்பாடாக இருந்தது, பதினைந்து ஆண்டுகளில் அரசின் பொதுச் சட்டமாயிற்று. 1876இல் கல்கத்தா அரங்கொன்றில் வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டிய எள்ளல் நாடகம் மேடையேறியதும் அவசரச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டின் இறுதியில் அது நாடக நிகழ்த்துகைச் சட்டமாக நிலைபெற்றது.

அடுத்து அச்சு. 1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் சென்னை மாகாணத்தையும் பெரும்பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். அப்பஞ்சத்தின் நடுவே, 1877 ஜனவரி முதலாந் திகதி டில்லியில் விக்டோரியா மகாராணியாரைப் பேரரசியாகப் பிரகடனஞ் செய்யும் தர்பார் நடைபெற்றது. இம்முரண்பாட்டைச் சுதேச மொழிப் பத்திரிகைகள் வெளிப்படையாகவே எழுதின. 1878 மார்ச் 14ஆம் திகதி, ஒரே அமர்வில், சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் முறியும் பிணைப்பணமும் கோரும் அதிகாரம் நிருவாகத்துக்கு வழங்கப்பட்டது. அதன் முடிவை எதிர்த்து நீதிமன்றஞ் செல்ல வழியில்லை. அதே ஆண்டில் ஆயுதச் சட்டமும் வந்தது. பேனாவும் துப்பாக்கியும் ஒரே ஆண்டில் உரிமம் பெறவேண்டிய பொருள்களாயின.

இச்சட்டத்தின் உட்பொருள் அதன் விதிவிலக்கிலே தங்கியுள்ளது. ஆங்கிலத்தில் வெளியாகும் பத்திரிகைகள், இந்தியருக்கு உரியனவாயினும், இதற்கு உட்படவில்லை. கல்கத்தாவின் 'அமிர்த பஜார் பத்திரிகா' ஒரு வார இடைவெளியில் முழுவதும் ஆங்கில ஏடாக மாறித் தப்பியது இதனாலேயாம். ஒரே கருத்து ஆங்கிலத்தில் சொல்லப்பட்டால் விண்ணப்பம். வங்காளியிலோ மராத்தியிலோ சொல்லப்பட்டால் கலகம். ஆட்சியாளர் கருத்துக்கு அஞ்சினர் என்பதிலும் பார்க்க அக்கருத்தின் வாசகருக்கு அஞ்சினர் என்பதே பொருந்தும். ஆங்கில ஏட்டின் வாசகர் உத்தியோகத்தையும் சபை அங்கத்துவத்தையும் நாடிய சிறுதொகையினர். சுதேச மொழி ஏடோ ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் பொருளாகக் கடைத்தெருவுக்கும் கிராமத்துக்கும் செல்வது.

சபையில் அன்றிருந்த ஒரே இந்திய உறுப்பினரான பெருநிலக்கிழார் ஜோதீந்திர மோகன் தாகூர் இச்சட்டத்தை ஆதரித்தார் என்பதும் குறிப்பிடற்பாலது. நிலவுடைமை வர்க்கத்தின் மேல்தட்டு எங்கு நின்றது என்பதை இது காட்டும். சென்னை மாகாணம் இச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தது. 1882இல் ரிப்பன் பிரபுவின் காலத்தில் சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' சென்னையிலே தோன்றியது. தமிழ்ப் பத்திரிகை அரசியலுக்கான அடக்குமுறை இன்னும் கால் நூற்றாண்டு கழித்தே வரவிருந்தது.

2. அன்பின்மை என்னும் குற்றம்

1897இல் புனே நகரைப் பிளேக் நோய் தாக்கியது. நோய்த் தடுப்பின் பெயரால் படையினர் வீடுகளுட் புகுந்து நடத்திய சோதனைகள் பெரும் வெறுப்பை விளைத்தன. ஜூன் 22ஆம் திகதி பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன் திலகரின் 'கேசரி'யில் வெளியாகியிருந்த, சிவாஜி பேசுவதாக அமைந்த செய்யுளும், சிவாஜி விழாவில் நிகழ்ந்த உரையின் அறிக்கையும் 124அ பிரிவின்கீழ் வழக்குப் பொருளாயின. நீதிபதி ஸ்ரேச்சி அப்பிரிவிலுள்ள மையச் சொல்லுக்கு, அன்பு இல்லாதிருத்தல் என விளக்கந் தந்தார். ஜூரிமாரில் ஐரோப்பியர் அறுவரும் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவரும் அல்லர் என்றனர். திலகருக்கு 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

அன்பின்மையைக் குற்றமாக்கும் அரசு, குடிகளிடம் கீழ்ப்படிவை மட்டுமன்றி அன்பையும் கட்டளையிட்டுப் பெற விழைகிறது. இது நிலமானிய அரசனுக்குரிய சொல்லாட்சி. ஆயின் அதனைக் கையாண்டது, பருத்தியையும் வரியையும் இரும்புப் பாதைகளின் இலாபத்தையும் கப்பலேற்றிய நவீன ஏகாதிபத்தியம். ஒப்பந்தமும் வாக்குரிமையும் பற்றித் தன் நாட்டிற் பேசிய பூர்ஷுவா வர்க்கம், குடியேற்ற நாட்டிலே இராசபக்தியைச் சட்டமாக்கிற்று. 1898இல் வெறுப்பு, அவமதிப்பு ஆகிய சொற்களும் சேர்க்கப்பட்டுப் பிரிவு மேலும் அகலமாக்கப்பட்டது.

எனினும் இவ்வகலமே அதன் பலவீனமுமாயிற்று. எதனையும் உள்ளடக்கும் சட்டம், எவரையும் எதிராளியாக்கும். மராத்தியப் பகுதியில் அறியப்பட்டிருந்த திலகர் இவ்வழக்கினாலேயே நாடறிந்த தலைவரானார்.

3. 1908: ஆலையும் நீதிமன்றமும்

1905இன் வங்கப் பிரிவினையை அடுத்த சுதேசி இயக்கம், அந்நியப் பொருள் விலக்கையும் உள்நாட்டுத் தொழில் முயற்சியையும் ஒன்றிணைத்தது. தமிழ்நாட்டில் அதன் தலையாய வெளிப்பாடு தூத்துக்குடியில் 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பனியாகும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடிய அதன் கப்பல்கள், அத்தடத்தில் ஏகபோக உரிமை கொண்டாடிய பிரிட்டிஷ் இந்தியக் கம்பனியுடன் போட்டியிட்டன. கட்டணப் போட்டியாக இருந்தவரை அரசு மறைமுக இடையூறுகளோடு நின்றது. 1908 பெப்ரவரி இறுதியில் நிலைமை மாறிற்று. ஐரோப்பியருக்குச் சொந்தமான கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் நடுவே நின்று பேசினர். வேலைநிறுத்தம் வெற்றி கண்டது.

மார்ச் 12இல் தலைவர்கள் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த மக்கள் கிளர்ச்சிமீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, நால்வர் இறந்தனர். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே, சிவாவுக்குப் பத்தாண்டும், வ. உ. சி.க்கு ஆயுட்காலத் தீவாந்தர சிட்சையும் விதித்தார். மேன்முறையீட்டில் ஆறு ஆண்டாகக் குறைக்கப்பட்ட போதும், கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்த செய்தி தமிழ் மக்களின் நினைவில் நிலைத்துவிட்டது. பேச்சுக்காக ஆயுட்கால தண்டனை என்பது விசித்திரமாகத் தோன்றலாம். நீதிமன்றம் அளந்தது பேச்சின் கடுமையை மட்டுமன்று. அப்பேச்சு ஆலை வாயிலில் நிகழ்த்தப்பட்டது என்பதையுமாம். வணிகரின் சுதேசியும் தொழிலாளரின் கூலிப் போராட்டமும் ஒரே மேடையில் சேர்ந்தமையே அரசு கண்ட ஆபத்து.

அதே ஜூலையில் பம்பாயில் திலகர்மீது இரண்டாவது அரசநிந்தனை வழக்கு நடைபெற்றது. முசாபர்பூர் குண்டுவீச்சையொட்டி அவர் எழுதிய கட்டுரைகள் குற்றப் பொருளாயின. அவை மராத்தியில் எழுதப்பட்டவை. ஜூரிமாரில் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சிகள். நீதிமன்ற மொழிபெயர்ப்பே அவர்கள் முன் இருந்தது. மூலத்தின் சொற்பொருள் மொழிபெயர்ப்பிற் சிதைந்துள்ளதென்று திலகர் நெடுநேரம் வாதாடினார். எழுவர் குற்றவாளி என்றனர்; இருவர் உடன்படவில்லை. ஆறாண்டுத் தண்டனை பெற்று அவர் மாண்டலேக்கு அனுப்பப்பட்டார். பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆண்டுக்கொரு நாளாக ஆறு நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். இந்தியப் பாட்டாளி வர்க்கம் உணர்வுபூர்வமான அரசியற் போராட்டத்துக்கு முதிர்ந்துவிட்டதன் அறிகுறியாக லெனின் அவ்வாண்டிலேயே இதனைக் கணித்தார். ஓர் ஆசிரியரின் எழுத்துக்கான தண்டனையை, அவ்வெழுத்தைப் படிக்க வாய்ப்பேயற்ற பலர் தம்மீதான தண்டனையாகக் கொண்டனர். 1878இன் சட்டம் தடுக்க முயன்ற உறவு இதுவே.

4. பிணைப்பணமும் புராணமும்

1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் நீதிமன்றத்தின் தேவையையே பெருமளவு அகற்றியது. புதிதாக அச்சகம் நடத்துவோர் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணைப்பணம் கட்டவேண்டும். அது பறிமுதலானால் மீண்டும் தொடங்க 1,000 முதல் 10,000 ரூபாய் வரை வேண்டும். சிறிய மூலதனத்தில் இயங்கிய சுதேச மொழி ஏடுகளை இவ்வேற்பாடு எவ்வாறு பாதித்திருக்கும் என்பது விளக்கம் வேண்டாதது. கருத்துரிமை இங்கு வெளிப்படையாகவே பண உரிமையாயிற்று. அரசப் பிரதிநிதியின் நிருவாக சபைக்குச் சட்ட உறுப்பினராக முதன்முதல் நியமனம்பெற்ற இந்தியரான எஸ். பி. சின்காவின் பதவிக்காலத்திலேயே இச்சட்டம் நிறைவேறியது. மிதவாதத் தலைவர் கோகலேயும் இதனை எதிர்த்து நிற்கவில்லை.

இந்நெருக்கடி இலக்கிய வடிவத்தைப் பாதித்த விதம் தனித்து ஆராயத்தக்கது. 1908இல் 'இந்தியா' வார ஏட்டின் பதிவுபெற்ற ஆசிரியர் சிறைப்பட, பாரதி பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியை அடைந்தார். அங்கிருந்து ஏடு 1910 வரை வெளிவந்தது. பிரித்தானிய இந்தியாவினுள் அது நுழைவதைத் தடுத்ததும் நின்றது. 1911இல் அவரது 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்களைச் சென்னை அரசு தடைசெய்தது. 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912இல் வெளியாயிற்று. மராத்தியில் காடில்கர் எழுதிய 'கீசகவதம்' என்னும் நாடகம் 1907இல் மேடையேறி 1910இல் தடைசெய்யப்பட்டது. அதிலும் அவமதிக்கப்படும் பெண் திரௌபதியே. ஒருவரையொருவர் பின்பற்றாத இரு மொழி எழுத்தாளர் பாரதக் கதையின் ஒரே பாத்திரத்தை நாட்டின் குறியீடாகக் கொண்டமை தற்செயலன்று. நேரே சொல்லத் தடையிருந்தபோது, மக்கள் யாவரும் அறிந்ததும் சட்டத்தின் கைக்கு எளிதில் அகப்படாததுமான ஒரு மொழியைப் புராணம் வழங்கிற்று.

இவ்வுபாயத்துக்கு விலையும் இருந்தது. இந்துப் புராணக் குறியீடுகளும் சிவாஜி விழாவும் தேசியத்தின் பொதுமொழியாயின இடத்து, முஸ்லிம் மக்களும் சாதியமைப்பின் அடித்தளத்தில் இருந்தோரும் அம்மொழியில் தம்மைக் காண்பது கடினமாயிற்று. இதற்கு அடக்குமுறையை மட்டும் காரணங் கூறுதல் பொருந்தாது. மத்தியதர வர்க்கத்து உயர்சாதியினரின் பண்பாட்டு எல்லையும் காரணமே. எனினும் அவ்வெல்லையைச் சட்டம் இறுக்கிற்று என்பதை மறுக்கவியலாது.

5. பயன்படாத சட்டம்

முதல் உலகப் போரின்போது 1915இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் தற்காலிகமாக இயற்றப்பட்டது. போர் முடிவுற, அவ்வதிகாரங்களை இழக்க விரும்பாத அரசு, நீதிபதி ரௌலற் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1919 மார்ச்சில் புதிய சட்டம் கொணர்ந்தது. விசாரணையின்றித் தடுத்துவைத்தலும், ஜூரியும் மேன்முறையீடும் இல்லாத விசாரணையும் அதன் சாரம். 1878இல் இந்திய உறுப்பினர் ஆதரவளித்த அதே சபையில், இம்முறை தெரிவான இந்திய உறுப்பினர் அனைவரும் எதிர்த்தனர். ஜின்னா முதலியோர் பதவி துறந்தனர். இடைப்பட்ட நாற்பதாண்டில் மேல்தட்டினரின் நிலையும் நகர்ந்திருந்தது.

ஏப்ரல் 6ஆம் திகதி நாடு முழுவதும் கடையடைப்பு நிகழ்ந்தது. பஞ்சாபில் போர்க்கால ஆட்சேர்ப்பும் விலையேற்றமும் ஏற்கெனவே மக்களை வாட்டியிருந்தன. அமிர்தசரசில் கிச்லு, சத்தியபால் ஆகியோர் 10ஆம் திகதி நாடுகடத்தப்பட்டனர். 13ஆம் திகதி ஜாலியன்வாலா பாக்கில் டயரின் படையினர் 1,650 குண்டுகள் சுட்டனர். அரசுக் கணக்கின்படி இறந்தோர் 379; காங்கிரஸ் விசாரணை ஆயிரத்துக்கும் மேலெனக் கூறியது. தாகூர் தமது விருதைத் துறந்தார். நிருவாக சபையிலிருந்து சங்கரன் நாயர் விலகினார்.

ரௌலற் சட்டம் நடைமுறையிற் பயன்படுத்தப்படாமலே 1922இல் நீக்கப்பட்டது. கிச்லுவையும் சத்தியபாலையும் அகற்றப் பழைய பாதுகாப்புச் சட்டமே போதியதாயிருந்தது. ஒருமுறையேனும் கையாளப்படாத ஒரு சட்டம் அதுவரை காணாத வெகுஜன எழுச்சியைத் தோற்றுவித்தமை, சட்டமே எதிர்ப்பைப் பிறப்பிப்பதில்லை என்பதைத் தெளிவாக்கும். எதிர்ப்பின் காரணங்கள் வயலிலும் ஆலையிலும் கடைத்தெருவிலும் விளைந்தன. அவற்றை ஒரே முழக்கத்தின்கீழ்க் கொணரும் பொதுப்பெயரைச் சட்டம் வழங்கிற்று.

6. எஞ்சிய சட்டம்

1928இன் பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின் பின்னர் அரசின் அச்சம் அமைப்புரீதியான தொழிலாளர்மீது குவிந்தது. 1929 மார்ச் 20இல் தொழிற்சங்கத் தலைவர்களும் கம்யூனிஸ்ற்றுகளும் கைதாகி மீரட் சதி வழக்கு தொடங்கியது. அவர்களுட் பிரித்தானியர் மூவரும் இருந்தனர். அனுதாப வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தொழிற்பிணக்குச் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. 1933 வரை நீடித்த வழக்கில் எதிரிகள் நீதிமன்றத்தையே தமது கொள்கை விளக்க மேடையாக்கினர். மோதிலால் நேரு உள்ளிட்ட காங்கிரஸ் தலைவர்கள் அவர்களின் பாதுகாப்புக்கு முன்வந்தனர்.

ஆயின் 1937இல் மாகாண ஆட்சி காங்கிரசின் கைக்கு வந்தபோது நிகழ்ந்தவை வேறு. சென்னையில் இராஜகோபாலாச்சாரியார் அரசு அவ்வாண்டிலேயே சோசலிஸ்ற் தலைவர் பாட்லிவாலாமீது 124அ பிரிவைப் பிரயோகித்தது. 1938இல் கட்டாய இந்திக்கு எதிராக மறியல் செய்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரை, சட்டமறுப்பு இயக்கத்தை நசுக்க ஆங்கிலேயர் இயற்றிய அதே குற்றவியற் திருத்தச் சட்டத்தின் துணையோடு சிறைக்கு அனுப்பியது. சிறைப்பட்டோருள் நடராசனும் தாளமுத்துவும் 1939இல் இறந்தனர். பம்பாயின் காங்கிரஸ் அரசு 1938இல் வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கும் சட்டத்தை இயற்றியது. தலைவர்களின் தனிப்பட்ட குணக்கேடாக இதனை விளக்குதல் போதாது. தேசிய பூர்ஷுவா வர்க்கம் எதிர்த்தது சட்டம் தன்மீது பாய்ந்தமையையே. உழைக்கும் மக்களை அடக்கும் கருவி என்ற வகையில் அச்சட்டம் அதற்கும் தேவைப்பட்டது. சுதந்திரத்தின் பின் இந்திய உச்ச நீதிமன்றம் 1962இல் 124அ பிரிவை வரையறைகளுடன் ஏற்றது. 2022இல் அதன் பிரயோகத்தை நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய கோவையிற் பழைய சொல் இல்லை. ஒத்த நோக்குடைய 152ஆம் பிரிவு உண்டு.

இலங்கை வாசகருக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. இந்தியக் கோவையை முன்மாதிரியாகக் கொண்டு 1883இல் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 120ஆம் பிரிவு, 124அ பிரிவின் உடன்பிறப்பே. 1937இல் பிரேஸ்கேர்டிலை நாடுகடத்தத் தேசாதிபதி பிறப்பித்த கட்டளையை உயர் நீதிமன்றம் சட்டவிரோதமெனத் தள்ளியபோது, இடதுசாரிகளும் சட்டசபைத் தலைவர்களும் ஓரணியில் நின்றனர். பத்தாண்டு கழித்து, 1947இன் பொது வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி சுட்டுக்கொல்லப்பட்ட அதே ஜூன் மாதத்தில், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. சுதந்திரத்துக்கு எட்டு மாதங்களே இருந்தன. பிற்காலத்து அவசரகால ஆட்சிகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று. 1979இல் மூன்றாண்டுக்கெனக் கொணரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. தற்காலிகம் என்னும் சொல்லின் பொருளை 1915இலும் 1919இலும் கண்டோர் இதில் வியப்படையார்.

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு முடிவுகள் பெறப்படும். அடக்குமுறைச் சட்டம் தான் அஞ்சும் ஒற்றுமையைத் தடுக்க முயன்று, பல வேளைகளில் அவ்வொற்றுமைக்கே வழிகோலியது. ஆங்கிலம் கற்றோரையும் ஆலைத் தொழிலாளரையும் ஒரே தீர்ப்பின் முன் நிறுத்திற்று. அவ்வாறு உருவான எதிர்ப்பு, சட்டத்தை இயற்றியவர் எவர் என்பதோடு அது எவ்வர்க்கத்துக்குப் பயன்படுகிறது என்றும் வினவாத இடத்தில், ஆட்சியை மாற்றிச் சட்டத்தை எஞ்சவிட்டது. அரசு மொழிபெயர்த்துத் தொகுத்த சுதேசப் பத்திரிகை அறிக்கைகள் இன்று நமது ஆய்வுக்கு மூலங்களாகியுள்ளன. அவற்றைப் பயில்வோர், கடந்தகாலத்தின் வீரத்தைப் போற்றுவதோடு நில்லாது, நம் காலத்துச் சட்ட நூல்களில் அப்பழைய பிரிவுகளின் வாசகங்கள் எவ்வடிவில் வாழ்கின்றன என்பதையும் ஒப்புநோக்குதல் வேண்டும்.